குறிப்புகள் என்ற கட்டம்

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க
விரல் வைத்தேன். இயந்திரம் சிவந்தது.
பாவாடையில் துடைத்து வைத்தேன். மறுபடி சிவப்பு.
பழைய காகிதத் தூசி ரேகைக்குள் இறங்கிவிடுகிறது,
எண்ணெய் தேய்த்தாலும் போவதில்லை.
"நீ யாரென்றே அதற்குத் தெரியவில்லை, நிசிலானி"
சிரித்துக்கொண்டே காவலுக்கு நின்ற செபெட்
கதவைக் கையால் தள்ளித் திறந்துவிட்டாள்.

நைரோபியில் ஏப்ரல் மழை.
கயோலேயிலிருந்து வேனில் இரண்டு மணி நேரம்,
முழங்காலில் யாரோ ஒருவரின் ஈரக் குடை.

ஆவணக் கிடங்கில் என் வேலை:
பெட்டியைத் திற, தாளை எடு,
கண்ணாடிமேல் கவிழ்,
வெளிச்சம் ஓடி முடியும்வரை மூச்சை அடக்கு.
நாளைக்கு நானூறு. ஐந்நூறு என்றால் ஊக்கத்தொகை.

இன்று முன்யாவோ வந்தான்.
கியோகோவின் மகன். சமையல்காரன்.
1934. மாதம் இருபத்திரண்டு ஷில்லிங்.
பத்து விரலும் கறுப்பு மையில்.
இடது சுண்டுவிரல் மட்டும் இழுபட்டிருக்கிறது,
யாரோ பிடித்து அழுத்தியபோது
கையை இழுத்திருக்கிறான்.

இப்படித்தான் ஒரு தாளை மடித்து
உலோக டப்பியில் அடைத்து
கழுத்தில் மாட்டித் திரிந்தார்கள் ஆண்கள்,
பதினாறு வயது ஆனதிலிருந்து.
கிபாண்டே என்று பெயர். துண்டு என்று அர்த்தம்.
ஆட்டுக்கு மணி கட்டியது போல என்பார்கள்.
மணியின் ஓசையாவது ஆட்டுக்குக் கேட்கும்.

என் கழுத்திலும் ஒரு நாடா. அட்டையில் என் முகம்.
சாப்பிடும்போது குழம்பு படாமல்
கழற்றிப் பையில் போடுவேன். யாரும் கேட்பதில்லை.
இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன்.
சொன்னால் முன்யாவோ செருப்பால் அடிப்பான்.
எஜமானி வீட்டுக்குள் அவன் செருப்பு போடக் கூடாது,
அது வேறு விஷயம்.

இரவில் தெருவில் நடக்க
அவனுக்கு ஒரு சீட்டு வேண்டும்.
பத்து மணிக்கு மேல் நானும் நடப்பதில்லை.
அதை யாரும் சட்டமாக எழுதவில்லை.

அவன் அடுப்பில் வெந்தது அவர்கள் வாத்து.
என் அடுப்பு என்னுடையது: சோளமும் அவரையும்.
எரிவாயு தீர்ந்தால் கைபேசியில் கடன்,
தவணை தப்பினால் அந்தச் செயலி
என் அம்மாவுக்குச் செய்தி அனுப்பும்,
பிறகு என் மேலாளருக்கு,
பிறகு பள்ளியில் ஒன்றாய்ப் படித்த யாரோ ஒருத்திக்கு.

வாடகைக் கார் ஓட்டும் என் தம்பி ம்வெந்த்வா
நான்கு புள்ளி மூன்று நட்சத்திரம்.
ஒருத்தி 'பாட்டுச் சத்தம் அதிகம்' என்று எழுதியதில்
இரண்டு நாள் சவாரி இல்லை.
பாட்டை அணைக்கச் சொன்னேன்.
முறைத்துவிட்டுப் போனான்.

தாளின் அடியில் குறிப்புகள் என்ற கட்டம்.
வலப்பக்கம் சாய்ந்த அழகான கையெழுத்து:
"சமையல் நன்று. நாணயமானவன்.
வேலையின்போது சீட்டியடிக்கிறான்.
பலமுறை சொல்லியும் நிறுத்தவில்லை.
விடுவிக்கப்பட்டான்."

வேலையிலிருந்து என்று பொருள்.
நாட்டுக்கு அந்தச் சொல் வந்துசேர
இன்னும் இருபத்தொன்பது வருடம்.

என்ன மெட்டு என்று எழுதவில்லை அந்த அம்மாள்.
வெங்காயம் நறுக்கும்போதா, சட்டி கழுவும்போதா?
எழுத இடம் இருந்தது. பாதிக் கட்டம் காலி.

கணினியில் எனக்கும் அதே பெயரில் ஒரு கட்டம்.
உள்ளதை உள்ளபடி அடிக்க வேண்டும்,
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
அடித்தேன்.
'நிறுத்தவில்லை' வந்ததும் கை நின்றது.
ஒரு மனிதனைப் பற்றி அரசாங்கம் வைத்திருக்கும்
ஒரே நல்ல செய்தி.

"முந்நூற்றுப் பதினேழிலேயே நிற்கிறாயே"
பின்னாலிருந்து ஒகெல்லோ.
"தாள் ஒட்டிக்கொண்டது" என்றேன்.

மாலை வெளியேறவும் விரல் வேண்டும்.
அதே தூசி, அதே விரல்.
முதல் தடவையிலேயே பச்சை.
வெளியே போவதென்றால்
என்னை அதற்கு நன்றாகத் தெரிகிறது.